ராண்ட் மருத்துவக் காப்பீட்டுச் சோதனை

ராண்ட் மருத்துவக் காப்பீட்டுச் சோதனை என்பது ஐக்கிய அமெரிக்காவில் 1974 முதல் 1982 வரை நடத்தப்பட்ட ஒரு பெரும் சமூகச் சோதனை ஆகும். மருத்துவச் செலவில் ஒரு பங்கை நோயாளியே தம் கையிலிருந்து செலுத்த வேண்டும் என்றால் அவர் மருத்துவத்தை எவ்வளவு குறைத்துக்கொள்வார், அவ்வாறு குறைத்துக்கொள்வதால் அவருடைய உடல்நலம் கெடுமா என்னும் இரு வினாக்களுக்கு விடை காண்பதே இதன் நோக்கம். கலிபோர்னியாவின் சான்டா மோனிக்கா நகரில் உள்ள ராண்ட் ஆய்வு நிறுவனம், அமெரிக்க நடுவண் அரசின் நிதியுதவியுடன் இதனை நடத்தியது. பொருளியலாளர் ஜோசப் நியூஹவுஸ் இதற்குத் தலைமை வகித்தார். ஏறத்தாழ 2,750 குடும்பங்களைச் சேர்ந்த 7,700க்கும் மேற்பட்டோர் இதில் பங்கேற்றனர்.

மருத்துவக் காப்பீட்டின் பொருளியலில் இன்றும் மிகுதியாக மேற்கோள் காட்டப்படும் ஆய்வு இதுவாகும். அதே வேளையில், பாதி மட்டும் மேற்கோள் காட்டப்படும் ஆய்வும் இதுவே எனலாம். நோயாளி செலவில் பங்கேற்றால் செலவு குறையும் என்னும் முதல் பாதி பரவலாக அறியப்பட்டது. எந்தச் செலவு குறைந்தது, யாருடைய உடல்நலம் அதற்கு விலையானது என்னும் மறுபாதி அந்த அளவுக்கு அறியப்படவில்லை.

பின்னணி

காப்பீடு என்பது இடரைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு. யாருக்கு எப்போது நோய் வரும் என்று முன்கூட்டித் தெரியாது. எனவே பலரும் சிறு தொகை செலுத்தி ஒரு பொது நிதியை உருவாக்குகின்றனர்; நோயுற்றவருடைய பெருஞ்செலவு அந்த நிதியிலிருந்து ஈடுசெய்யப்படுகிறது. தீக் காப்பீட்டுக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் இதுவரை வேறுபாடில்லை. ஆனால் வீடு எரிந்தால் இழப்பு இவ்வளவு என்று ஓரளவு கணக்கிட்டுவிடலாம். முதுகு வலிக்கு எவ்வளவு மருத்துவம் தேவை என்பதை அவ்வாறு கணக்கிட இயலாது. அதை நோயாளியும் மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்கின்றனர். செலவையோ அந்த அறையில் இல்லாத மூன்றாமவர் ஏற்கிறார். பொருளியலாளர் கென்னத் ஆரோ 1963ஆம் ஆண்டு வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை ஒன்றில், மருத்துவச் சந்தை ஏனைய சந்தைகளிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது என்பதை விளக்கினார். நோய் வருவது பற்றிய உறுதியின்மை, சிகிச்சையின் பயன் பற்றிய உறுதியின்மை, மருத்துவருக்கும் நோயாளிக்கும் இடையே அறிவில் உள்ள ஏற்றத்தாழ்வு ஆகியவை அதில் முதன்மை பெற்றன.

1968ஆம் ஆண்டு மார்க் பாலி என்னும் பொருளியலாளர் இதற்கு ஒரு மறுமொழி எழுதினார். காப்பீடு உள்ளவர் மருத்துவத்தைக் கூடுதலாகப் பயன்படுத்துவதை ஒழுக்கக் குறைவாகக் கருத வேண்டியதில்லை. விலை குறைந்தால் வாங்கும் அளவு கூடும் என்னும் இயல்பான பொருளியல் நடத்தையே அது என்பது அவர் வாதம். கல்யாணப் பந்தியில் இரண்டாவது இனிப்பைக் கேட்டு வாங்குபவர், உணவகத்தில் விலைப்பட்டியலைப் பார்த்தபின் ஒன்றோடு நிறுத்திக்கொள்வதை இதற்கு ஒப்பிடலாம். இப்போக்கு பொருளியலில் நெறிசார் இடர் என்று அழைக்கப்படுகிறது. பெயர் சற்றே கடுமையானது. பொருள் அவ்வளவு கடுமையானதன்று.

ஆனால் இப்போக்கு எவ்வளவு பெரியது என்று யாருக்கும் திட்டமாகத் தெரிந்திருக்கவில்லை. காப்பீடு உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தால் போதாதா என்று தோன்றலாம். போதாது. தமக்கு மருத்துவம் மிகுதியாகத் தேவைப்படும் என்று எண்ணுபவரே விரிவான காப்பீட்டை விரும்பி வாங்குவர். இது பாதகத் தேர்வு எனப்படும். எனவே விரிவான காப்பீடு உள்ளவர் கூடுதலாகச் செலவு செய்வதைக் கண்டால், காப்பீட்டினால் செலவு கூடியதா, நோயினால் காப்பீடு வாங்கப்பட்டதா என்று பிரித்தறிய முடியாது. இதனால் அக்கால ஆய்வுகளின் மதிப்பீடுகள் ஒன்றுக்கொன்று பெரிதும் முரண்பட்டன.

அரசியல் சூழலும் இவ்வினாவுக்கு விடையை வேண்டி நின்றது. 1965ஆம் ஆண்டு முதியோருக்கான மெடிகேர், வறியோருக்கான மெடிகெய்டு ஆகிய அரசுத் திட்டங்கள் சட்டமாயின. 1970களின் தொடக்கத்தில் நாட்டு மக்கள் அனைவருக்கும் காப்பீடு வழங்குவது பற்றிய விவாதம் சூடு பிடித்தது. நோயாளி சிகிச்சையின்போது எதுவும் செலுத்தத் தேவையில்லாத திட்டத்தை மேலவை உறுப்பினர் எட்வர்டு கென்னடி முன்வைத்தார். நோயாளியும் செலவில் பங்கேற்கும் திட்டத்தைக் குடியரசுத் தலைவர் ரிச்சர்டு நிக்சனின் அரசு முன்வைத்தது. முழு இலவசம் என்றால் செலவு எவ்வளவு கூடும் என்று இரு தரப்பிலும் உறுதியாகச் சொல்ல யாருமில்லை.

சோதனையின் வடிவமைப்பு

பாதகத் தேர்வை நீக்க ஒரே வழி, காப்பீட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை மக்களிடமிருந்து எடுத்துவிட்டுக் குலுக்கல் முறையில் ஒதுக்குவதே. மருந்துகளின் பயனை அறியக் கையாளப்படும் இம்முறை, மென்பொருள் துறையில் ஒரு பக்கத்தின் இரு வடிவங்களைப் பயனர்களிடையே பிரித்துக் காட்டிச் சோதிப்பதற்கும் இப்போது நாள்தோறும் பயன்படுகிறது. ஆனால் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் மருத்துவக் காப்பீட்டையே இவ்வாறு ஆண்டுக்கணக்கில் மாற்றி அமைப்பது அதுவரை எவரும் செய்திராத ஒன்று.

ஓகையோ மாநிலத்தின் டேட்டன், வாசிங்டன் மாநிலத்தின் சியாட்டில், மாசச்சூசெட்சு மாநிலத்தின் பிட்ச்பர்க் மற்றும் பிராங்கிளின் கவுண்டி, தென் கரோலினாவின் சார்ல்சுடன் மற்றும் சார்ச்டவுன் கவுண்டி ஆகிய ஆறு இடங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. வடக்கும் தெற்கும், நகரமும் நாட்டுப்புறமும் இடம்பெற வேண்டும் என்பது கருத்து. 1974 நவம்பரில் டேட்டனில் சேர்க்கை தொடங்கியது. ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் மூன்று ஆண்டுகளுக்கும் ஏனையோர் ஐந்து ஆண்டுகளுக்கும் சேர்க்கப்பட்டனர். முதியோர் மெடிகேர் திட்டத்தின்கீழ் வருவதால் சேர்க்கப்படவில்லை. மிக உயர்ந்த வருமானமுடையோர், படைத்துறையினர், சிறையில் இருப்போர் ஆகியோரும் விலக்கப்பட்டனர்.

குடும்பங்களுக்கு ஒதுக்கப்பட்ட திட்டங்களில் முதன்மையானவை நான்கு. முதலாவதில் மருத்துவம் முற்றிலும் இலவசம். ஏனைய மூன்றில் குடும்பம் முறையே 25, 50, 95 விழுக்காட்டுச் செலவை ஏற்க வேண்டும். பல் மருத்துவம், வெளிநோயாளர் மனநல மருத்துவம் ஆகியவற்றுக்கு மட்டும் 50 விழுக்காடும் மற்றவற்றுக்கு 25 விழுக்காடும் செலுத்தும் கலப்புத் திட்டம் ஒன்றும், மருத்துவமனைச் சேர்க்கை இலவசமாகவும் வெளிநோயாளர் செலவில் முதல் 150 டாலர் வரை 95 விழுக்காட்டை ஒவ்வொருவரும் தாமே செலுத்துவதாகவும் அமைந்த திட்டம் ஒன்றும் இருந்தன.

95 விழுக்காடு என்பதைக் கேட்டவுடன் இது காப்பீடே இல்லாத நிலை என்று பலர் எண்ணிவிடுகின்றனர். இது தவறு. பங்குக் கட்டணத் திட்டங்களுக்கு ஆண்டு உச்ச வரம்பு ஒன்று இருந்தது. குடும்ப வருமானத்தில் 5, 10 அல்லது 15 விழுக்காடு என்றோ 1,000 டாலர் என்றோ, இவற்றுள் எது குறைவோ அதுவே வரம்பு. அதற்குமேல் ஆகும் செலவு முழுவதையும் சோதனை ஏற்றது. ஆண்டுக்கு 8,000 டாலர் ஈட்டும் ஒரு குடும்பத்துக்கு 95 விழுக்காட்டுத் திட்டமும் 5 விழுக்காட்டு வரம்பும் ஒதுக்கப்பட்டதாகக் கொள்வோம். 20 டாலர் கட்டணம் பெறும் மருத்துவரிடம் சென்றால் 19 டாலர் கையிலிருந்து போகும். ஆனால் அவ்வாண்டில் குடும்பம் 400 டாலர் செலுத்தி முடித்ததும் அறுவை சிகிச்சை உட்பட எல்லாம் இலவசம். உண்மையில், 95 விழுக்காட்டுத் திட்டத்தில் இருந்தோர் மொத்தச் செலவில் சராசரியாக 31 விழுக்காட்டை மட்டுமே தாம் ஏற்றனர். 25 விழுக்காட்டுத் திட்டத்தினர் ஏற்றது 16 விழுக்காடு. சோதனையின் எந்தப் பிரிவிலும் காப்பீடு அற்ற குடும்பம் இல்லை என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

ஏற்கெனவே நல்ல காப்பீடு வைத்திருந்த ஒருவர் ஏன் 95 விழுக்காட்டுத் திட்டத்துக்கு ஒப்புக்கொள்ள வேண்டும்? இதற்காகப் பங்கேற்பு ஊக்கத்தொகை ஒன்று தவணைகளில் வழங்கப்பட்டது. பழைய காப்பீட்டோடு ஒப்பிடுகையில் மிக மோசமான ஆண்டிலும் குடும்பத்துக்கு இழப்பு ஏற்படாதவாறு அதன் அளவு கணக்கிடப்பட்டது. குடும்பம் மருத்துவரிடம் சென்றாலும் செல்லாவிட்டாலும் இத்தொகை கிடைத்ததால், ஒவ்வொரு முறை மருத்துவரிடம் செல்லும்போதும் காணும் விலையை இது மாற்றவில்லை. ஏழைக் குடும்பங்களையும் அறத்துக்கு மாறில்லாமல் சேர்த்துக்கொள்ள இதுவே வழிசெய்தது.

மேற்கண்டவை அன்றி, சியாட்டிலில் மட்டும் வேறொரு பிரிவும் இருந்தது. அங்கு ஒரு பகுதியினர், உறுப்பினரிடம் முன்கூட்டியே நிலையான சந்தா பெற்றுக்கொண்டு தன் மருத்துவர்கள், மருத்துவமனைகள் மூலம் எல்லாச் சிகிச்சையையும் வழங்கும் ஒரு கூட்டுறவு அமைப்பில் சேர்க்கப்பட்டனர். இங்கு நோயாளிக்குச் செலவில்லை. ஆனால் கூடுதல் சிகிச்சையால் மருத்துவருக்கு வருமானமும் இல்லை.

பயன்பாடும் செலவும்

இறுதி முடிவுகள் 1987ஆம் ஆண்டு வில்லார்டு மேனிங் முதலியோர் எழுதிய கட்டுரையில் வெளியாயின. முழு இலவசத் திட்டத்தில் இருந்தோரின் தலா மருத்துவச் செலவு, 95 விழுக்காட்டுத் திட்டத்தில் இருந்தோரின் செலவைவிட ஏறத்தாழ 45 விழுக்காடு கூடுதலாக இருந்தது. ஓர் ஆண்டில் ஒருவர் மருத்துவரை நேரில் கண்ட சராசரி எண்ணிக்கை இலவசத் திட்டத்தில் 4.55, 25 விழுக்காட்டுத் திட்டத்தில் 3.33, 50 விழுக்காட்டுத் திட்டத்தில் 3.03, 95 விழுக்காட்டுத் திட்டத்தில் 2.73. பெரும் சரிவு இலவசத்துக்கும் 25 விழுக்காட்டுக்கும் இடையிலேயே நிகழ்ந்துவிடுகிறது என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன. சிறு கட்டணமும் நடத்தையை மாற்றப் போதுமானது.

இம்முடிவுகளிலிருந்து மருத்துவத்தின் தேவை நெகிழ்ச்சி ஏறத்தாழ -0.2 என்று கணக்கிடப்பட்டது. அதாவது, நோயாளி செலுத்தும் விலை 10 விழுக்காடு உயர்ந்தால் பயன்பாடு 2 விழுக்காடு குறையும். பின்னாளில் அரசுத் துறைகளும் காப்பீட்டு நிறுவனங்களும் செலவைக் கணிக்கும்போது இவ்வெண்ணைக் கையாண்டன.

மற்றொரு ஐயத்துக்கும் விடை கிடைத்தது. வெளிநோயாளர் மருத்துவத்துக்குக் கட்டணம் வைத்தால் மக்கள் நோயை முற்றவிட்டுப் பின்னர் மருத்துவமனையில் சேர்வர், அதனால் மொத்தச் செலவு கூடும் என்று சிலர் வாதிட்டு வந்தனர். இச்சோதனையில் அவ்வாறு நிகழவில்லை. வெளிநோயாளர் பயன்பாடும் மருத்துவமனைச் சேர்க்கையும் சேர்ந்தே குறைந்தன. ஆயினும் பங்கேற்றோர் முதியோர் அல்லர் என்பதையும், மூன்று முதல் ஐந்து ஆண்டுகளே கண்காணிக்கப்பட்டனர் என்பதையும் இங்கு சேர்த்துப் படிக்க வேண்டும்.

செலவு எவ்வாறு குறைந்தது என்பது செலவு குறைந்தது என்பதைவிடச் சுவையானது. கட்டணம் செலுத்தியோர் மலிவான மருத்துவரைத் தேடவில்லை. சிகிச்சை தொடங்கியபின் தேவையற்ற பரிசோதனைகளை மறுத்து மிச்சம் பிடிக்கவும் இல்லை. ஒரு நோய்க்கான சிகிச்சை தொடங்கியபின் அதற்கு ஆன செலவில் திட்டங்களுக்கிடையே வேறுபாடு சிறிதே. அவர்கள் செய்தது ஒன்றுதான்: மருத்துவரிடம் செல்வதையே குறைத்துக்கொண்டனர். மருத்துவமனையின் வாசலைத் தாண்டுவதா வேண்டாமா என்பதை நோயாளி முடிவு செய்கிறார். தாண்டியபின் நடப்பதை மருத்துவர் முடிவு செய்கிறார் என்பதையே இது உணர்த்துகிறது.

தேவையான மருத்துவமும் தேவையற்ற மருத்துவமும்

பங்குக் கட்டணத்தை ஆதரிப்போரின் நம்பிக்கை, விலையைக் கண்டதும் மக்கள் வீண் செலவை விட்டுத் தேவையானதை மட்டும் வைத்துக்கொள்வர் என்பது. ராண்ட் ஆய்வாளர்கள் இதனைத் தனியே சோதித்தனர். எல்லாச் சிகிச்சைகளையும் மருத்துவ வல்லுநர்களின் கருத்துப்படி பயன் மிகுந்தவை, பயன் குறைந்தவை என வகைப்படுத்திப் பார்த்தபோது, பங்குக் கட்டணம் இரண்டையும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைத்திருந்தது. நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்துகளை எடுத்துக்கொண்டால், அவை பயன்தரும் பாக்டீரியா நோய்களுக்கும் பயன்தராத வைரசு நோய்களுக்கும் அவற்றின் பயன்பாடு ஒருசேரக் குறைந்தது. மருத்துவமனைச் சேர்க்கைகளில் ஏறத்தாழ 23 விழுக்காடு தேவையற்றவை என்று 1986ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்று கண்டது. ஆனால் பங்குக் கட்டணம் அத்தேவையற்றவற்றை மட்டும் தேர்ந்து குறைக்கவில்லை. அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்வதில் மட்டும் சற்று வேறுபாடு காணப்பட்டது; அங்கே அவசரம் குறைந்த நோய்களுக்கான வருகைகள் கூடுதலாகக் குறைந்தன.

இது வியப்புக்குரியதன்று. நெஞ்சில் தோன்றும் வலி வாயுத் தொல்லையா, இதய நோயா என்று அறிவதற்காகத்தான் ஒருவர் மருத்துவரிடம் செல்கிறார். சென்று பார்த்தபின் தெரிவதைச் செல்லும் முன்னரே தெரிந்து முடிவெடுக்கும்படி விலை அவரைக் கேட்கிறது. ஆரோ 1963இல் சுட்டிய அறிவு ஏற்றத்தாழ்வு இங்கே எண்களாக வெளிப்பட்டது.

உடல்நலத்தின்மீது விளைவு

சராசரிப் பங்கேற்பாளரின் உடல்நலத்தில் இலவச மருத்துவத்தால் குறிப்பிடத்தக்க வேறுபாடு ஏற்படவில்லை. மருத்துவர் ராபர்ட் புரூக் முதலியோர் 1983ஆம் ஆண்டு நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியிட்ட இம்முடிவே பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது. கூடுதலாக நுகரப்பட்ட மருத்துவம் அனைத்தும் வீண் என்று சிலர் இதற்குப் பொருள் கொண்டனர்.

ஆனால் அதே கட்டுரையில் விதிவிலக்குகளும் இருந்தன. இலவசத் திட்டத்தில் இருந்தோரின் பார்வைத் திருத்தம் மேம்பட்டிருந்தது. பல் நலமும் மேம்பட்டது. மிக முக்கியமானது உயர் குருதி அழுத்தம். அந்நோய் உடையோரிடையே, இலவசத் திட்டத்தில் இருந்தவர்களின் இதய விரிவு அழுத்தம் சராசரியாக 1.9 மில்லிமீட்டர் குறைவாக இருந்தது. வருமானம் குறைந்தோரிடம் இவ்வேறுபாடு 3.5 மில்லிமீட்டர், வருமானம் மிகுந்தோரிடம் 1.1 மில்லிமீட்டர் மட்டுமே. தொடக்கத்திலேயே இடர் மிகுந்திருந்தோர் இறக்கும் வாய்ப்பு இலவச மருத்துவத்தால் ஏறத்தாழ 10 விழுக்காடு குறையும் என்று மதிப்பிடப்பட்டது.

ஓரிரு மில்லிமீட்டர் என்பது தனியொருவருக்குச் சிறியதாகத் தோன்றும். ஆனால் உயர் குருதி அழுத்தம் வலி தருவதில்லை. அது இருப்பது பரிசோதித்தால் மட்டுமே தெரியும். வேறு ஏதோ ஒரு காரணத்துக்காக மருத்துவரிடம் சென்றவருக்கு அது கண்டறியப்பட்டு மருந்து தொடங்குகிறது. கட்டணத்தை எண்ணி அந்த "வேறு காரணத்துக்கு" செல்லாமல் விட்டவர், தமக்கு நோய் இருப்பதை அறியாமலேயே அதற்கான சிகிச்சையையும் இழக்கிறார். பங்கேற்றோரில் பெரும்பாலோர் நலமுள்ளவர்களும் வறுமையில் இல்லாதவர்களும் ஆவர். ஆகவே ஏழையாகவும் நோயாளியாகவும் இருந்த சிறு பிரிவினரின் இழப்பு, சராசரி என்னும் ஒற்றை எண்ணில் கரைந்து மறைந்துவிடுகிறது. இம்மேம்பாட்டின் பெரும்பகுதியை, எல்லோருக்கும் எல்லாவற்றையும் இலவசமாக்காமல், இடர் மிகுந்தோரைக் கண்டறியும் குறிப்பான பரிசோதனைகளால் மலிவாகவே பெறலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

புகைபிடித்தல், உடற்பருமன் ஆகியவற்றில் எந்தத் திட்டமும் மாற்றம் ஏற்படுத்தவில்லை.

சியாட்டில் கூட்டுறவுப் பிரிவின் முடிவு

நோயாளியிடம் ஒரு காசும் கேட்காத சியாட்டில் கூட்டுறவு அமைப்பில் மருத்துவமனைச் சேர்க்கைகள், ஏனைய மருத்துவர்களிடம் இலவசமாகச் சென்றோருடன் ஒப்பிட 39 விழுக்காடு குறைவாக இருந்தன. மதிப்பிடப்பட்ட செலவு 28 விழுக்காடு குறைவு. 95 விழுக்காட்டுப் பங்குக் கட்டணம் செய்த அளவுக்கு நெருங்கிய சேமிப்பு, நோயாளியின் பணப்பையைத் தொடாமல், மருத்துவருக்கு ஊதியம் வழங்கும் முறையை மாற்றியதாலேயே கிடைத்தது. எனினும் அதில் சேர்க்கப்பட்டோரின் மனநிறைவு சற்றுக் குறைவாகவே இருந்தது.

தாக்கம்

சோதனை முடிவதற்குள் அமெரிக்காவில் நாடு தழுவிய காப்பீடு பற்றிய பேச்சு அடங்கிவிட்டது. எனவே எந்த விவாதத்துக்காக இது தொடங்கப்பட்டதோ அதற்கு இது பயன்படவில்லை. மாறாக, 1980களில் தம் ஊழியர்களின் மருத்துவச் செலவைக் குறைக்க முயன்ற பெருநிறுவனங்களுக்கு இது சான்றாயிற்று. பங்குக் கட்டணங்கள் பரவலாயின. 2003ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, காப்பீடு தொடங்குமுன் பெருந்தொகையைத் தாமே செலுத்த வேண்டிய திட்டங்களுடன் இணைந்த வரிச்சலுகைச் சேமிப்புக் கணக்குகளை அறிமுகப்படுத்தியது. அவற்றை ஆதரித்தோரும் இச்சோதனையையே சுட்டினர். ஆனால் வருமானத்துக்கு ஏற்ற உச்ச வரம்பு என்னும் பாதுகாப்பு இச்சோதனையின் முதன்மையான பங்குக் கட்டணத் திட்டங்களில் இருந்தது. பின்வந்த பல திட்டங்களில் வரம்பு இருந்தும் அது வருமானத்தோடு பிணைக்கப்படவில்லை. 400 டாலருக்கு மேல் செலுத்த வேண்டியதில்லை என்ற உறுதியுடன் இருந்த குடும்பத்தின் நடத்தையைக் கொண்டு, அவ்வுறுதி இல்லாத குடும்பத்தின் உடல்நலத்துக்குக் கேடில்லை என்று வாதிடுவது பொருந்தாது.

மறுபாதி முடிவும் காலப்போக்கில் பயன்பட்டது. பயன் மிகுந்த சிகிச்சைக்குக் கட்டணத்தைக் குறைத்தும் பயன் குறைந்ததற்குக் கூட்டியும் வகுக்கும் காப்பீட்டு முறை 2000களில் முன்மொழியப்பட்டது. 2010ஆம் ஆண்டின் அமெரிக்க நலக் காப்பீட்டுச் சீர்திருத்தச் சட்டம், குறிப்பிட்ட நோய்த்தடுப்புச் சேவைகளைப் பங்குக் கட்டணமின்றி வழங்கும்படி காப்பீட்டு நிறுவனங்களுக்கு ஆணையிட்டது. குருதி அழுத்தப் பரிசோதனையும் அவற்றுள் அடங்கும்.

திறனாய்வு

சோதனையில் சேர ஒப்புக்கொண்டோரும் இறுதிவரை இருந்தோரும் திட்டத்துக்குத் திட்டம் வேறுபட்டனர் என்பது முதன்மையான குறை. 2007ஆம் ஆண்டு ஜான் நைமன் என்னும் பொருளியலாளர், பங்குக் கட்டணத் திட்டங்களிலிருந்து விலகியோர் இலவசத் திட்டத்திலிருந்து விலகியோரைவிட மிகக் கூடுதல் என்று சுட்டிக்காட்டினார். மருத்துவமனையில் சேர வேண்டிய நிலை வந்ததும் பழைய காப்பீட்டுக்குத் திரும்பியவர்கள் இவர்களாக இருக்கலாம், அப்படியாயின் பங்குக் கட்டணத்தால் செலவு குறைந்ததாகத் தோன்றுவது ஓரளவு மாயையே என்பது அவர் வாதம். நியூஹவுசும் அவர் குழுவினரும் இதனை மறுத்தனர். நோயுற்றவர் விலகினால் அவருக்குப் பணமிழப்பே என்பதை அவர்கள் எடுத்துக்காட்டினர். 2013ஆம் ஆண்டு அவிவா ஆரோன்-டைன், லிரான் ஐனாவ், ஏமி பிங்கெல்சுடைன் ஆகியோர் மூலத் தரவுகளை மீண்டும் ஆராய்ந்தனர். இலவசத் திட்டம் ஒதுக்கப்பட்டோரில் ஏறத்தாழ 88 விழுக்காட்டினர் இறுதிவரை பங்கேற்க, 95 விழுக்காட்டுத் திட்டத்தில் அது 63 விழுக்காடாக மட்டுமே இருந்தது. இவ்வேறுபாட்டைக் கருத்தில் கொண்டாலும், விலை மருத்துவப் பயன்பாட்டைப் பாதிக்கிறது என்னும் அடிப்படை முடிவு நிலைக்கிறது என்றும், -0.2 என்னும் ஒற்றை எண்ணை எல்லா இடத்திலும் பொருத்துவது ஐயத்துக்குரியது என்றும் அவர்கள் கண்டனர்.

இரண்டாவது குறை அளவு பற்றியது. ஒரு நகரில் சில நூறு குடும்பங்களின் காப்பீடு மாறினால் அங்குள்ள மருத்துவமனைகள் அதைக் கவனிக்கக்கூட மாட்டா. நாடு முழுவதும் காப்பீடு பரவினால் புதிய மருத்துவமனைகள் எழும், புதிய கருவிகள் வாங்கப்படும், மருத்துவம் செய்யும் முறையே மாறும். பிங்கெல்சுடைன் 2007ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், 1965இல் வந்த மெடிகேர் திட்டத்தால் மருத்துவமனைச் செலவு, ராண்ட் முடிவுகளைக் கொண்டு கணிக்கக்கூடியதைவிட ஆறு மடங்குக்கும் மேலாக உயர்ந்தது என்று மதிப்பிட்டார்.

இவை தவிர, மருத்துவச் செலவின் பெரும்பகுதி மக்களில் சிறு பகுதியினரிடம் குவிந்துள்ளது. கடும் நோயுற்ற அவர்கள் ஆண்டின் தொடக்கத்திலேயே உச்ச வரம்பைக் கடந்துவிடுவதால் பங்குக் கட்டணம் அவர்களுடைய செலவைத் தொடுவதே இல்லை. வரம்பை உயர்த்தினால் தொடும்; ஆனால் அப்போது காப்பீடு காப்பீடாக இராது.

பின்வந்த சோதனைகள்

2008ஆம் ஆண்டு ஆரகன் மாநிலம், மெடிகெய்டு திட்டத்தில் இருந்த ஏறத்தாழ 10,000 இடங்களுக்கு 90,000 பேர் வரை பதிவு செய்ததால் குலுக்கல் நடத்தியது. ஆய்வுக்காக அன்றி நிதிப் பற்றாக்குறையால் நடந்த இக்குலுக்கல், காப்பீடு உள்ளோரையும் இல்லாதோரையும் நேரடியாக ஒப்பிடும் வாய்ப்பைத் தந்தது. காப்பீடு பெற்றோர் மருத்துவத்தைக் கூடுதலாகப் பயன்படுத்தினர். அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்வதும் ஏறத்தாழ 40 விழுக்காடு கூடியது. மனச்சோர்வு குறைந்தது. குருதி அழுத்தத்தில் புள்ளியியல் அடிப்படையில் உறுதியான மாற்றம் இரண்டு ஆண்டுகளில் காணப்படவில்லை. ஆனால் குடும்பத்தை நிலைகுலையச் செய்யும் அளவுக்குக் கையிலிருந்து ஆகும் மருத்துவச் செலவு அவர்களிடையே ஏறத்தாழ மறைந்துவிட்டது. காப்பீட்டின் பயனை உடல்நலத்தைக் கொண்டு மட்டும் அளப்பது குறைபாடுடையது என்பதை இது காட்டுகிறது.

இந்தியாவில் கர்நாடக மாநிலத்தில் 2010களில், 10,000க்கும் மேற்பட்ட குடும்பங்களைக் கொண்டு குலுக்கல் முறைச் சோதனை ஒன்று நடத்தப்பட்டது. 2008ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தேசிய நலக் காப்பீட்டுத் திட்டத்தின் மருத்துவமனைக் காப்பீட்டைச் சிலருக்கு இலவசமாகவும் சிலருக்கு விலைக்கும் வழங்கி இது ஒப்பிட்டது. மானியமின்றியும் கணிசமானோர் காப்பீட்டை வாங்க முன்வந்தனர். ஆனால் அட்டை பெற்ற பலர், மருத்துவமனையில் அதனைப் பயன்படுத்த முயன்றும் வெற்றி பெறவில்லை. உடல்நலத்தில் பெரிய மாற்றமும் பதிவாகவில்லை. ராண்ட் சோதனையில் கோரிக்கைகளை ஆய்வு நிறுவனமே நேரடியாகப் பெற்றுப் பணம் வழங்கியது. ஆதலால் அட்டை கையிலிருந்தும் பயன்படாமற்போகும் இச்சிக்கல் அங்கு எழவே இல்லை.